குரோமோசோம் எண்ணுகிறவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் புற்றுநோய் மரபியல் ஆய்வில் 23 வருடமாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி குரோமோசோம்களோடுதான் கழிந்தது. கல்யாண வீடு, தீபாவளி விருந்து, பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி என்று எங்கே போனாலும் கேட்ட கேள்விகளையே கேட்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே உட்கார்ந்து முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் என்றார்களே, எனக்கு முட்டி வலிக்கிறது. என்ன செய்யலாம்?

நான் அந்த டாக்டர் இல்லை, ஆன்ட்டி. என்னுடையது முனைவர் பட்டம். மருந்து எழுதித் தர முடியாது. பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். முட்டியிலிருந்து ஒரு செல் கொடுத்தால் அதில் எத்தனை குரோமோசோம் என்று வேண்டுமானால் எண்ணிச் சொல்கிறேன்.

குரோமோசோம் என்றால் என்ன? பள்ளியில் படித்தது மறந்துவிட்டது.

உங்கள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது. அது ஒரே நூல் இல்லை, 46 துண்டுகள். 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம்.

சாதாரண நாளில் இவை அவிழ்ந்து கிடக்கும், மைக்ரோஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரியாது. வீடு மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும்போது சாமான் வீடு முழுக்க இறைந்து கிடக்கிறது. லாரி வரும் அன்றுதான் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கட்டுகிறோம். செல் இரண்டாகப் பிரியப்போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் டிஎன்ஏ பெட்டி கட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் எண்ண முடியும். புற்றுநோய்ச் செல்லில் வீடு மாற்றுவது ஒழுங்காக நடப்பதில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டி கூடுதலாகப் போகும், இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகாது. சில பெட்டிகள் உடைந்து, பக்கத்துப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

தினமும் என்னதான் செய்கிறீர்கள்?

திங்கட்கிழமை ரத்தம் வரும். சில மில்லிலிட்டர் போதும். அதிலுள்ள வெள்ளணுக்கள் பிரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவை, அவற்றை எழுப்பவேண்டும். எழுப்புவதற்கு ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்க்கிறோம். அரைவேக்காட்டு ராஜ்மாவைச் சாப்பிட்டவரை வாந்தி எடுக்கவைக்கும் அதே புரதம்தான். 37 டிகிரி சூட்டில் 72 மணி நேரம் வைத்தால் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் வியாழக்கிழமை. அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வியாழக்கிழமை யாரும் லீவு கேட்பதில்லை.

வியாழன் காலை கொல்சமிட் என்ற மருந்தை விட்டு, பிரிந்துகொண்டிருக்கும் செல்களைப் பாதிவழியில் நிறுத்துவோம். அப்புறம் உப்புக் குறைந்த கரைசல். அதில் செல்கள் ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பும். பிறகு 3 பங்கு மெத்தனால், 1 பங்கு அசெட்டிக் அமிலம். கடைசியாக, கொஞ்சம் உயரத்திலிருந்து கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. விழும் சொட்டு விரியும்போது செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களும் விரிந்து பரவவேண்டும்.

இந்தக் கடைசிச் சொட்டில்தான் சூட்சுமம் முழுவதும். நான் சேர்ந்த முதல் வருடம், மழை நாளில் போட்ட தகடுகள் அழகாக வந்தன, மற்ற நாட்களில் எல்லாம் கொத்தாக ஒட்டிக்கொண்டன. காரணம் காற்றின் ஈரம் என்று புரியவே மாதங்கள் ஆயின. சிங்கப்பூரில் வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே ஏர்கான் காற்றை உலர்த்திவிடும். தகடு சீக்கிரம் காய்ந்தால் குரோமோசோம் பரவ நேரம் கிடைக்காது. என்னைப் பழக்கிய மூத்த தொழில்நுட்பர் ஒரு அக்கா, ஒன்றும் பேசாமல் சுடுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, ஆவிக்கு மேலே தகட்டை ஐந்து விநாடி காட்டிவிட்டுச் சொட்டு விட்டார். அவ்வளவுதான். இதை எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் நான் அதற்குமுன் படித்ததில்லை.

பிறகு சாயம், மைக்ரோஸ்கோப், எண்ணிக்கை. ஆரோக்கியமானவரின் செல்லில் 46. புற்றுநோய்ச் செல்லில் 44 இருக்கலாம், 63 இருக்கலாம், 81 இருக்கலாம். ஒரே கட்டியில் பக்கத்துப் பக்கத்துச் செல்களே ஒத்துப்போகாது. இப்போது மென்பொருள் எண்ணித் தருகிறது. நான் ஒருமுறை கண்ணால் எண்ணாமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்கு ஒரு கதை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

செங்காந்தள் பூவுக்கும் உங்கள் வேலைக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமையாக வரும் காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கயிறுகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். பெட்டி கட்டியாகிவிட்டது, லாரி வரவில்லை. நாங்கள் பயன்படுத்தும் கொல்சமிட் இந்தக் கொல்கிசினின் நெருங்கிய சொந்தம். கண்வலிக்கிழங்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். தெரியாமல் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே கொல்கிசினை மாக்னோலியாச் செடிகளில் போட்டு அவற்றின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் பார்த்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1945-இல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே புத்தகமாகத் தொகுத்தார். என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் ஒரே படம் அவருடையது. பார்க்கிறவர்கள் என் பாட்டியா என்று கேட்கிறார்கள்.

மனிதருக்கு 46 என்று முதலில் எண்ணியது யார்?

இது எனக்குப் பிடித்த கேள்வி, யாரும் கேட்காவிட்டால் நானே இழுத்துவிடுவேன்.

1923-இல் பெயின்டர் என்ற அமெரிக்கர் 48 என்று எழுதினார். அவருக்குக் கிடைத்தவை மெல்லிசாகச் சீவிய திசுக்கள், அதில் எண்ணுவதே பெரும்பாடு. தவறு புரிந்துகொள்ளக்கூடியது. புரியாதது அடுத்த 30 வருடம். அவருக்குப் பின் பார்த்தவர்களும் 48 என்றே எண்ணினார்கள். 1952-இல் ஷூ என்ற விஞ்ஞானி, உப்புக் குறைந்த கரைசலில் செல் உப்பி, குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிவதைக் கண்டார். ஒரு கரைசலைத் தப்பாகக் கலந்ததால் நேர்ந்த அதிர்ஷ்டம் அது. அத்தனை தெளிவான படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார்!

1955 டிசம்பர் 22 அன்று, சுவீடனின் லுண்ட் நகரில், ஜோ ஹின் ஜியோ எண்ணினார். 46. அடுத்த வருடம் லெவான் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து வெளியிட்டார். ஜியோ ஜாவாக்காரர், பெக்கலோங்கானில் பிறந்த சீனர். ஜப்பானியர் காலத்தில் சிறைமுகாமில் இருந்தவர். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பறந்துவிடும் தீவில் பிறந்தவர்தான் மனித குலத்தின் கணக்கைத் திருத்தினார். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிகூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கொண்டே இருந்தால் கேன்சர் குணமாகிவிடுமா?

இதைக் கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்பார்கள். கேட்கட்டும்.

1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டியாக இருப்பதைப் பார்த்தார்கள். பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. ஏன் குட்டி என்று தெரியவில்லை. 13 வருடம் கழித்து, 1973-இல், சிகாகோவில் ஜேனட் ராவ்லி குரோமோசோம் படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்களாம். 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்ததை அந்த மேசையில்தான் கண்டுபிடித்தார். ஒன்று தொலைக்கவில்லை, இரண்டும் இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஒட்டில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து, செல்லை ஓயாமல் பிரியச்சொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன என்று பிறகு தெரிந்தது. அந்தப் புரதத்தை மட்டும் அடைக்கும் மாத்திரை இமாட்டினிப், அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்றது. ஒரு காலத்தில் சில வருடங்களில் ஆளைக் கொண்டுபோன நோய், இன்று பெரும்பாலோருக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோய். குட்டிக் குரோமோசோமிலிருந்து மாத்திரைவரை 41 வருடம். எல்லாப் புற்றுநோயிலும் இப்படி ஒரே ஒரு ஒட்டு காரணமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதனால்தான் இந்தக் கதையை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?

வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வயிற்றுப் புற்றுநோய்ச் செல்கள் என்று ஒரு குப்பி வந்தது. லேபிளில் தெளிவாக எழுதியிருந்தது. நன்றாக வளர்ந்தன, சந்தேகம் வரும் அளவுக்கு நன்றாக. 11 மாதம் அவற்றில் சோதனை செய்தேன். மூன்று படங்கள் வரைந்து கட்டுரைக்கே தயார். ஒருநாள் மாணவி ஒருத்தி பயிற்சிக்காக அதன் குரோமோசோம்களை எண்ணிவிட்டு, "80-க்குப் பக்கத்தில் வருகிறது சார், பழைய கட்டுரையில் வேறு எண் போட்டிருக்கிறார்களே" என்றாள். அடையாளச் சோதனைக்கு அனுப்பினோம். ஹீலா.

1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவருடைய சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. உலகம் முழுக்க வளர்கின்றன, அசந்தால் பக்கத்துக் குப்பிக்குள்ளும் புகுந்துவிடும். அந்த 11 மாதமும் குப்பையில். அந்த ஆய்வுக்கூடத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. குரோமோசோம் எண்ணுவதே தொழிலாக வைத்திருக்கிறவன், லேபிளை நம்பி எண்ணாமல் விட்டேன். 48 என்று எழுதியவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்துவிடும்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்கும் வருமா?

வரும் என்று முடிவு கட்டவேண்டாம். எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 சதவீதம்தான் ஒரே மரபணுவின் வழியாகப் பரம்பரையாக வருபவை. மற்றவற்றில் செல்கள் வாழ்நாளில் சேர்த்துக்கொண்ட மாற்றங்களே காரணம்.

சந்தேகிக்கவேண்டிய அறிகுறிகள் உண்டு. இளம் வயதிலேயே வந்தது, ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தது, இரு மார்பிலும் வந்தது, ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, சூலகப் புற்றுநோய். இவற்றில் ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாவது 17-ஆம் குரோமோசோமில், இரண்டாவது 13-இல். முறிந்த டிஎன்ஏவை ஒட்டவைப்பது அவற்றின் வேலை. அது கெட்டால் குரோமோசோம்கள் உடைந்துகொண்டே இருக்கும்.

நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று: இந்த மாற்றம் அப்பா வழியாகவும் வரும். "அம்மா பக்கம் யாருக்கும் இல்லை" என்று நிம்மதியாக இருப்பார்கள். அப்பாவின் அக்கா தங்கைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் ஊரில் ஏதோ வயிற்றுக் கட்டி என்பார்கள். அந்த "ஏதோ"வை விசாரியுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் கேன்சர் வருமா?

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தால் பிஆர்சிஏ மாதிரி மாற்றம் கூடுவதில்லை. அதற்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி வந்தாலே போதும். இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் அபூர்வ நோய்களில்தான் சொந்தம் கணக்கில் வரும். ஃபன்கோனி ரத்தசோகை ஓர் உதாரணம். எலும்பு மஜ்ஜை தளரும், ரத்தப் புற்றுநோய் ஆபத்து கூடும். அதைக் கண்டுபிடிப்பதும் குரோமோசோம் பார்த்துத்தான். டிஎன்ஏவைப் பின்னிவிடும் ஒரு மருந்தைச் செல்களில் விட்டால், அந்தப் பிள்ளைகளின் குரோமோசோம்கள் உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நட்சத்திரம் மாதிரி நிற்கும். என் முதல் ஃபன்கோனி தகட்டைப் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டு, உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? காப்புறுதி போய்விடாதா?

முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் வந்தவரை முதலில் சோதிப்பதே நல்லது. அவரிடம் மாற்றம் கிடைத்தால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும்.

விடை "உண்டு", "இல்லை" என்று இரண்டோடு நிற்காது. "மாற்றம் இருக்கிறது, கெட்டதா என்று தெரியவில்லை" என்று மூன்றாவது ஒன்று வரும். நம்மவர்களுக்கு இது கூடுதலாகவே வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தகவல் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. நமக்குச் சாதாரணமான ஒரு மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் கணினி முழிக்கும். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று 1 லட்சம் பேரின் மரபணுத் தொகுப்பைப் படிக்கும் எஸ்ஜி100கே திட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். "எங்களிடம் ரத்தம் எடுத்து என்ன செய்யப்போகிறார்கள்" என்று சந்தேகப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

காப்புறுதி விஷயத்தில், 2021-இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. சோதனை செய்துவரும்படி நிறுவனங்கள் யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. நோய் வருமுன் செய்த சோதனையின் முடிவைப் பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. விலக்குகள் இருக்கின்றன, பெரிய தொகைக்கு எடுப்பவர்கள் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெலோமியர் நீளத்தைப் பார்த்து ஆயுளைச் சொல்வார்களாமே?

பணத்தை மிச்சம் பிடியுங்கள். குரோமோசோமின் இரு நுனியிலும் ஆறெழுத்துச் சொல் ஒன்று ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். அதுதான் டெலோமியர். செல் பிரியப் பிரியத் தேயும், மிகவும் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். அதை வளர்க்கும் நொதியை 1984 கிறிஸ்துமஸ் அன்று கண்டவர் கேரல் கிரைடர். எலிசபெத் பிளாக்பர்ன், ஜாக் ஷோஸ்டாக் இருவரோடும் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். அதே வருடம் வேதியியலில் வாங்கியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அதனால் எங்கள் கூடத்தில் அந்த வாரம் இரண்டு தடவை கேக்.

நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். புற்றுநோய்ச் செல்களில் 85 முதல் 90 சதவீதம் அந்த நொதியை முடுக்கிவிட்டுத்தான் சாகாமல் இருக்கின்றன.

மகள் இதைப் படிக்க ஆசைப்படுகிறாள். சிங்கப்பூரில் வழி இருக்கிறதா?

தொடக்கக் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் எடுக்கலாம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவப் பட்டயமும் படிக்கலாம். பட்டயத்தில் வந்தவர்களுக்குக் கை பழகியிருக்கும், முதல் வருடமே தகடு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு பட்டம், முனைவர் பட்டம், வெளிநாட்டில் சில வருடம். 30 வயது தாண்டித்தான் சொந்தக் கூடம் பற்றி யோசிக்கவே முடியும். உதவித்தொகை வாங்கினால் எத்தனை வருடப் பிணைப்பு என்று கையெழுத்துக்குமுன் படிக்கச் சொல்லுங்கள்.

இடத்துக்குக் குறை இல்லை. 1980-களில் மூலக்கூறு, செல் உயிரியல் கழகம் தொடங்கியது, 2000-இல் மரபணுத் தொகுப்பு ஆய்வுக்கழகம், 2003-இல் புவன விஸ்தா பக்கத்தில் பயோபோலிஸ் ஆய்வு வளாகம், 2005-இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி, 2008-இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் அறிவியல் கழகம். செல் கட்டுமீறிப் பிரியாமல் காக்கும் பி53 புரதத்தை 1979-இல் கண்டவர்களில் ஒருவரான டேவிட் லேன் இங்கே வருடக்கணக்கில் வேலை பார்த்தார். பயோபோலிஸ் கட்டடம் ஒன்றின் பெயரே குரோமோஸ். வாடகைக்கார் ஓட்டுநரிடம் சொன்னால், கடிகாரக் கடையா என்பார்.

வேலை நிரந்தரமா?

இல்லை. மானியம் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வரும். முடியும் வருடத்தில் தூக்கம் வராது.

குரோமோசோமை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

முடியும், பள்ளி ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் இருந்தால். தேக்கா சந்தையில் நல்ல சின்ன வெங்காயமாக வாங்கி, தண்ணீர் நிரம்பிய குப்பியின் வாயில் அடிப்பக்கம் மட்டும் நனையும்படி வையுங்கள். மூன்று நாளில் வேர் விடும். நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, நீர்த்த அமிலத்தில் கொஞ்ச நேரம் சூடுகாட்டி மென்மையாக்கி, ஆசிரியர் தரும் சாயத்தில் ஊறவைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, கட்டைவிரலால் நேராக அழுத்தவேண்டும். பக்கவாட்டில் நழுவினால் எல்லாம் சுருட்டிக்கொள்ளும்.

வெங்காயத்துக்கு 16. என் மகள் முதல் தடவை 14 என்றாள். புத்தகத்தைப் பார்க்காமல் மறுபடி எண்ணச் சொன்னேன், மறுபடியும் 14. தகட்டை எடுத்து இன்னும் ஒருமுறை அழுத்திக் கொடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு ஜோடி விலகிவிட்டன.